ஒன்பது பந்தயங்களை வைத்து ஒருவரை அளக்காதீர்கள்

தமிழில் கார் பந்தயம் பார்க்கும், பேசும், எழுதும் நண்பர்களுக்கு,



டயர் எத்தனை லேப் தாங்கும், பிட்டுக்குள் எப்போது அழைப்பார்கள், அடுத்த வருடம் யார் எந்த அணிக்குப் போவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். பின்னிரவில் நடக்கும் பந்தயத்துக்கும் கண்விழித்து உட்காருகிறீர்கள். இந்த ஊரில் கிரிக்கெட்டைத் தாண்டி ஒரு விளையாட்டின் மேல் இவ்வளவு பிரியம் வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பேச்சில் ஒரு பழக்கம் என்னைத் தொடர்ந்து வருத்துகிறது. எந்த ஓட்டுநரின் பெயரைச் சொன்னாலும் உங்கள் முதல் கேள்வி, "எஃப்1 ஓட்டியிருக்காரா?" என்பதுதான். ஓட்டவில்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஓட்டி, புள்ளி எடுக்கவில்லை என்றால், அவர் தோற்றவர் என்று முத்திரை விழுந்துவிடுகிறது.

ஜெர்மனியின் பெர்ன்ட் ஷ்னைடர் மேல் அந்த முத்திரை ஆழமாகவே விழுந்திருக்கிறது. "34 கிராண்ட் பிரீக்குப் பேர் கொடுத்து 9 தடவைதான் கிரிட்டுக்கே வந்தவர். ஒரு புள்ளிகூட இல்லை" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கணக்கு சரி. அந்தக் கணக்கிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. அதைக் கொஞ்சம் பொறுமையாக உங்களோடு பேச விரும்புகிறேன்.

1964இல் சார்லாண்ட் மாநிலத்தின் சங்க்ட் இங்பெர்ட் ஊரில் பிறந்தவர் ஷ்னைடர். 1987இல் ஜெர்மன் ஃபார்முலா 3 பட்டத்தை வென்றார். மறு வருடமே, 23 வயதில், ஃபார்முலா ஒன்னில் சாக்ஸ்பீட் அணியின் கார் அவருக்குக் கிடைத்தது. அந்த அணியைப் பற்றி உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள்? நூர்பர்க்ரிங்குக்குப் பக்கத்தில் நீடர்சிஸன் என்ற சிற்றூரில் எரிக் சாக்கோவ்ஸ்கி நடத்திய பட்டறை அது. ஃபோர்டு எஸ்கார்ட், ஃபோர்டு காப்ரி கார்களை வைத்துக்கொண்டு ஜெர்மன் டூரிங் கார் பந்தயங்களில் பெரிய தொழிற்சாலை அணிகளை ஓடவிட்டவர்கள் அவர்கள். அந்தத் தைரியத்தில், காரின் உடலையும் டர்போ என்ஜினையும் தாங்களே செய்துகொண்டு ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தார்கள். அன்று அப்படித் தன் என்ஜினைத் தானே செய்து ஓட்டிய அணிகளில் ஒன்று ஃபெராரி. அந்தப் பட்டறைக்கும் ஃபெராரிக்கும் இருந்த பண வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

1988இல் 16 பந்தயங்களில் ஆறுக்கு ஷ்னைடர் தகுதி பெற்றார். சொந்த நாட்டில், ஹாக்கன்ஹைமில், 12ஆவதாக முடித்தார். 1989இல் டர்போ தடை செய்யப்பட்டது. சாக்ஸ்பீட் தன் என்ஜினைக் கைவிட்டு யமஹாவின் புதிய வி8 என்ஜினுக்கு மாறியது. அந்த என்ஜினில் வேகமும் இல்லை, உறுதியும் இல்லை.

அந்த வருடத்து முறையை நினைத்துப் பாருங்கள். பதிவு செய்த கார்கள் 39. கிரிட்டில் இடம் 26. கடைநிலை அணிகளின் 13 கார்களை வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேர முன்தகுதிச் சுற்றுக்கு விடுவார்கள். அதில் முதல் நான்கு பேருக்கு மட்டும்தான் உண்மையான தகுதிச் சுற்றில் ஓட்டவே அனுமதி. மற்றவர்கள் பார்வையாளர்கள் வந்து உட்காருவதற்கு முன்பே சாமான்களைக் கட்ட வேண்டியதுதான். ஷ்னைடர் அந்த வருடம் முழுவதும் இப்படித்தான் வாரக் கடைசிகளைக் கழித்தார். பிரேசிலிலும் ஜப்பானிலும் மட்டும் கிரிட்டுக்கு வந்தார். அதே அணியில் அதே காரை ஓட்டிய அகுரி சுசுகி, 16 பந்தயங்களில் ஒன்றில்கூட முன்தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. அந்த சுசுகிதான் அடுத்த வருடம் லாரூஸ் அணிக்குப் போய், சொந்த நாட்டின் சுசுகா தடத்தில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். ஒரே வருட இடைவெளியில் ஒரு மனிதனுக்கு ஓட்டத் தெரியாமலும் போய், திடீரென்று தெரிந்தும் விடுமா? சுசுகிக்கு இந்த நியாயத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள், அந்த மேடை கண்ணுக்குத் தெரிவதால். ஷ்னைடருக்கு அடுத்த கார் கிடைக்கவில்லை. 1990இல் ஆரோஸ் அணியில் காலியான இடத்துக்கு இரண்டு முறை அழைத்தார்கள், ஃபீனிக்ஸ் தெருக்களில் ஒரு பந்தயம் ஓட்டினார், அதோடு ஃபார்முலா ஒன் முடிந்தது. உங்கள் கதையும் அங்கே முடிந்துவிடுகிறது. அப்போது அவருக்கு வயது 26.

அதற்குப் பிறகுதான் அவருடைய பந்தய வாழ்க்கை நடந்தது.

1992இல் டிடிஎம் எனப்படும் ஜெர்மன் டூரிங் கார் தொடரில் ஏஎம்ஜி அணியின் மெர்சிடிஸ் 190 காரில் அவரைப் பார்க்கிறோம். அணியில் உடன் இருந்தவர்களைக் கவனியுங்கள். லே மான் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிளாவுஸ் லுட்விக். 1982இன் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் கேகே ரோஸ்பெர்க். பிறகு எலன் லோர். அந்த வருடம் ஹாக்கன்ஹைமில் ஒரு பந்தயத்தை வென்று, டிடிஎம்மில் வென்ற ஒரே பெண் என்ற பெயரை இன்றுவரை வைத்திருப்பவர் அவர். (லோர் பற்றித் தமிழில் ஒருவர் தனியாக எழுதினால் முதல் வாசகனாக நான் வருவேன்.) இப்படிப்பட்ட கூட்டத்தில் ஷ்னைடர் அந்த வருடத்தை மூன்றாவதாக முடித்தார். 1995இல் சி-கிளாஸ் காரில் டிடிஎம் பட்டத்தையும், அதனோடு சேர்ந்து வெளிநாடுகளில் நடந்த சர்வதேசத் தொடரின் பட்டத்தையும் ஒரே வருடத்தில் வாங்கினார். அப்போது அதே அணியில் டாரியோ ஃப்ராங்கிட்டி இருந்தார். பின்னாளில் இண்டியானாபொலிஸ் 500ஐ மூன்று முறை வென்ற அதே ஃப்ராங்கிட்டிதான்.

1996இல் செலவு எல்லை மீறியது. கார்களுக்குள் அவ்வளவு மின்னணுச் சாதனங்களைத் திணித்துவிட்டார்கள். ஓபலும் ஆல்ஃபா ரோமியோவும் விலகின, தொடரே படுத்துவிட்டது. ஷ்னைடர் ஜிடி கார்களுக்குப் போய் 1997இல் எஃப்ஐஏ ஜிடி பட்டத்தை வென்றார். 1998இல் லே மானில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார், என்ஜின் சீக்கிரமே கைவிட்டது. 1999இல் அதே லே மானில் மெர்சிடிஸ் கார்கள் காற்றில் எழும்பிக் கவிழ்ந்தன. மார்க் வெப்பர் இரண்டு முறை, பந்தயத்தின்போது பீட்டர் டம்பிரெக் ஒரு முறை. ஷ்னைடர் பகிர்ந்து ஓட்டிய காரை அணியே திரும்ப அழைத்துக்கொண்டது. 2000இல் டிடிஎம் மறுபடி பிறந்தபோது முதல் பட்டம் அவருடையது. 2001இல் மீண்டும். 2002இல் ஆடியின் லோரான் அயெல்லோவுக்கு அடுத்து இரண்டாவது. 2003இல் கடைசிப் பந்தயம் வரை இழுத்துப்போன போட்டியில் இளம் அணித் தோழர் கிறிஸ்டியன் ஆல்பர்ஸைத் தாண்டி நான்காவது பட்டம். 2006இல், 42 வயதில், ஐந்தாவது.

இந்த ஐந்தையும் நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் தெரியுமா? "எஃப்1-ல முடியலைன்னு டூரிங் காருக்குப் போய் ஜெயிச்சார்." தவில் வித்வானைப் பார்த்து, நாகஸ்வரம் ஊத வராததால்தான் இவர் தவிலை எடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. அது வேறு வித்தை என்று நமக்குத் தெரியும். டூரிங் காரும் வேறு வித்தைதான், அதை விளக்கத்தான் இந்த மடலில் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

2000களின் டிடிஎம் காரில் 4 லிட்டர் வி8 என்ஜின், ஏறத்தாழ 470 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அன்றைய ஃபார்முலா ஒன் கார் அதைவிட மிக இலகு, சக்தியோ அதன் இரண்டு மடங்குக்கும் அருகில். ஆகவே டிடிஎம் எளிது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கனமான கார் பிரேக் பிடித்ததும் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தை இலகுவாக்கி, திருப்பத்தில் ஓட்டுநரின் கையை மீறப் பார்க்கும். ஏபிஎஸ் கிடையாது, சக்கரம் வழுக்காமல் காக்கும் மின்னணு உதவியும் கிடையாது. புதிய டிடிஎம் இரண்டையும் தடை செய்திருந்தது. கூரைக்குள் காரின் நடுப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தன் முன்சக்கரங்கள் தெரியாது. தடத்தின் ஓரத்தை அவர் உடம்பால் அறிய வேண்டும். மேலே கூரை, சுற்றிலும் குழாய்க் கூண்டு, கோடைகாலத்தில் உள்ளே கொதிக்கும்.

இன்னொன்று, இடிபடுவது. ஃபார்முலா காரில் சக்கரம் உரசினால் பந்தயம் முடிந்தது. டூரிங் காரில் கதவோடு கதவு உரசுவது அன்றாடம். எவ்வளவு உரசலாம், எங்கே விட்டுக்கொடுத்தால் அடுத்த திருப்பத்தில் திரும்ப வாங்கலாம் என்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. நியூரம்பெர்கில் நோரிஸ்ரிங் என்று ஒரு தெருத்தடம். நாஜி காலத்தில் கட்டிய கல் மேடையைச் சுற்றி வரும் 2.3 கிலோமீட்டர்தான் அதன் நீளம். நீண்ட நேர்கோட்டின் முடிவில் கொண்டை ஊசித் திருப்பம். இருபது கார்களும் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும் தடம் அது. அங்கே தகுதிச் சுற்றில் ஒரு சிறு தயக்கம் பத்து இடங்களைத் தின்றுவிடும். பந்தயத்தின்போது பிரேக்கைக் கொஞ்சம் தாமதித்தால் முன்னால் போகிறவரின் கதவுக்குள் போய் நிற்பீர்கள். இதற்கிடையில் கட்டாய பிட் நிறுத்தங்கள், தொழிற்சாலையின் உத்தரவுகள், ஒரே நிறுவனத்தின் காரிலேயே பட்டத்துக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள். ஒரு முறை ஜெயிக்கத் துணிச்சல் போதும். 1995இலிருந்து 2006 வரை, கார் மாடல்களும் விதிகளும் டயர்களும் மாறிய பதினொரு வருட இடைவெளியில் ஜெயித்துக்கொண்டே இருக்க, கார் சொல்வதை வருடம் தவறாமல் புதிதாகக் கற்கும் பணிவு வேண்டும்.

இது என் ஆசைப் பேச்சு என்று நினைத்தால், ஃபார்முலா ஒன்னிலிருந்தே சாட்சிகள் வந்திருக்கிறார்கள். மிக்கா ஹக்கினென் 1998, 1999 இரண்டு வருட உலகச் சாம்பியன். மைக்கேல் ஷூமாக்கருக்குச் சமமாக ஓட்டியவர் என்று நீங்கள் கொண்டாடுபவர். 2005இல் மெர்சிடிஸுக்காக டிடிஎம்முக்கு வந்தார். மூன்று வருடங்களில் மூன்று பந்தயங்கள் வென்றார், பட்டம் கிட்டவில்லை. அவர் அங்கே இருந்த வருடங்களில்தான் ஷ்னைடர் 2006இன் பட்டத்தை எடுத்தார், அதே நிறுவனத்தின் காரில். ஜான் அலேசி ஐந்து வருடம் ஓட்டினார், சில வெற்றிகள், பட்டம் இல்லை. ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்ஸன் ஃபார்முலா ஒன்னில் மூன்று பந்தயங்கள் வென்றவர், டிடிஎம்மில் ஒன்றுகூட வெல்லவில்லை. ரால்ஃப் ஷூமாக்கர் கிராண்ட் பிரீயில் ஆறு வெற்றி பெற்றவர், 2008 முதல் ஐந்து வருடம் டிடிஎம் ஓட்டி ஒரு வெற்றிகூட காணவில்லை. 13 கிராண்ட் பிரீ வென்ற டேவிட் கூல்ட்ஹார்ட் அங்கே புள்ளி எடுக்கவே திணறினார். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, யாரையும் சிறுமைப்படுத்தவும் இதைச் சொல்லவில்லை. ஹக்கினெனின் டிடிஎம் கணக்கை வைத்து அவரை மட்டமான ஓட்டுநர் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அதே நியாயத்தை மறுபக்கமும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பக்கத்து வாதங்களையும் நான் ஒதுக்கவில்லை. ஃபார்முலா ஒன்தான் வேகத்தின் உச்சம், அங்கே ஓட்டுவோரின் தரம் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஷ்னைடருக்குப் பின்னால் மெர்சிடிஸின் பணமும் ஏஎம்ஜியின் பொறியாளர்களும் இருந்தார்கள் என்பீர்கள். அதுவும் உண்மைதான், ஐந்து பட்டங்களும் மெர்சிடிஸ் கார்களிலேயே வந்தன. ஆனால் அந்தப் பணமும் பொறியாளர்களும் அணியிலிருந்த மற்றவர்களுக்கும் கிடைத்தன. நல்ல கார் கிடைத்ததால் ஜெயித்தார் என்று இதில் கழித்துப் பார்ப்பவர்கள், மோசமான கார் கிடைத்ததால் சாக்ஸ்பீடில் தோற்றார் என்று அதில் கூட்டிப் பார்க்க வேண்டாமா? ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைப்பது அளவை ஆகாது.

2008 முடிவில் அவர் டிடிஎம்மிலிருந்து விலகினார். 44 வயது. ஓய்வு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2013இல் நடந்ததைச் சொல்கிறேன், உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்கக்கூடும். ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயம், வெற்றி. பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் மலைத்தடத்தில் 12 மணி நேரம், வெற்றி. மே மாதம் நூர்பர்க்ரிங் 24 மணி நேரம். ஒரு சுற்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளும் அந்தக் காட்டுத்தடத்தில் இரவு முழுக்க மழையும் மூடுபனியும். பந்தயத்தைப் பல மணி நேரம் நிறுத்திவைத்து காலையில் மறுபடி தொடங்கினார்கள். அதிலும் வெற்றி. ஜூலையில் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரம். பந்தயத்துக்குச் சில நாள் முன்புதான் அவருக்கு 49 நிறைந்தது. உடன் ஓட்டிய மாக்சிமிலியான் புக் அவர் வயதில் பாதிகூட இல்லாதவர். அங்கும் வெற்றி. ஒரே வருடத்தில் நான்கும், மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் காரில். துபாயிலும் நூர்பர்க்ரிங்கிலும் அவரோடு ஓட்டிய ஷான் எட்வர்ட்ஸ் அதே அக்டோபரில் ஆஸ்திரேலியத் தடம் ஒன்றில், வேறொருவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்துபோனார். அந்த வருடத்தின் வெற்றிகளைச் சொல்லும்போது அந்த இளைஞரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஜெர்மானியருக்காக இவ்வளவு வாதாடுவானேன் என்று கேட்கலாம். அவருக்கு என் வக்காலத்து தேவையில்லை, ஜெர்மனியில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முத்திரை குத்தும் பழக்கத்தால் பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

நரேன் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரோடு நீங்கள் சேர்த்துச் சொல்வது 2005, ஜோர்டன் அணி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். அப்புறம் கடைசி வரிசையில் ஓடிய எச்ஆர்டி அணிக் காலம், ஒரு பெருமூச்சு. 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி தடத்தில் சூப்பர் ஜிடி கார்களும் டிடிஎம் கார்களும் ஒன்றாக மோதிய சிறப்புப் பந்தயம் நடந்தது. இரண்டாம் நாள் பந்தயத்தை ஹோண்டா காரில் வென்றவர் நரேன். ஷ்னைடர் ஐந்து பட்டம் வாங்கிய அந்தத் தொடரின் தொழிற்சாலை ஓட்டுநர்களை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு கோயம்புத்தூர்க்காரர் வென்ற நாள் அது. அன்று நீங்கள் எத்தனை பேர் கொண்டாடினீர்கள்? 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது ஊரே கொண்டாடியது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது, யாரெல்லாம் அதை வென்றிருக்கிறார்கள், இரவில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் கார்களுக்கு நடுவே ஒரு ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று கேட்டவர்கள் குறைவு. நட்சத்திரத்தின் பெயரால் வந்த வெளிச்சம் பந்தயத்தின் மேல் விழாமலே நகர்ந்துவிட்டது.

சென்னையிலும் கோவையிலும் கார்ட்டிங் தடங்களில் பத்து வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர்கள் காதில் விழும் கேள்வி, "எஃப்1 போவியாப்பா?" உலகம் முழுவதற்கும் அங்கே இருக்கைகள் இருபதோ இருபத்திரண்டோதான். அந்த வழியில் ஏறப் பெற்றோர் சொத்தை விற்றாலும் போதாது என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளை இருபது வயதில் ஒற்றை இருக்கைக் காரை விட்டு டூரிங் காருக்கோ ஜிடி காருக்கோ மாறும் நாளில், நாம் எல்லோரும் சேர்ந்து அவனைத் தோற்றவன் ஆக்கிவிடுகிறோம். வீட்டில் பெற்றோரும் அப்படியே நினைத்து, "போதும், படிப்பைப் பார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். தொழிலாக ஓட்டிப் பிழைக்கக்கூடிய இடங்கள் அதிகம் இருப்பது அந்தப் பக்கம்தான் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அதனால் உங்களிடம் சில கோரிக்கைகள். ஓய்வான ஒரு நாளில் 2003இன் அல்லது 2006இன் டிடிஎம் பந்தயம் ஒன்றை, சுருக்கக் காட்சியாக இல்லாமல், முழுதாகப் பாருங்கள். முன்னணியை விட்டுவிட்டு ஷ்னைடரின் காரை மட்டும் கண்ணால் தொடருங்கள்: எங்கே பிரேக் பிடிக்கிறார், யாரைத் தன் மேல் வரவிட்டு எங்கே தாண்டுகிறார், டயர் தேய்ந்த கடைசி பத்து லேப்பில் அவர் வழி எப்படி மாறுகிறது என்று. எழுதுபவர்கள், ஒரு டூரிங் கார் ஓட்டுநரை அறிமுகப்படுத்தும் முதல் வரியில் அவர் ஃபார்முலா ஒன்னில் எடுக்காத புள்ளிகளைப் போடாதீர்கள், அவர் வென்றதைப் போடுங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தேசியப் பந்தயங்கள் நடக்கும் வாரக் கடைசிகளில் ஃபார்முலா கார்களின் சுற்று முடிந்ததும் எழுந்து போய்விடாமல், டூரிங் கார் பிரிவுக்கும் உட்கார்ந்திருங்கள். அங்கே ஓட்டுகிறவர்களின் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயர்களை எழுதுங்கள். கார்ட்டிங் தடத்தில் அந்தப் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்தால், எந்தத் திருப்பம் அவனுக்குப் பிடிக்கிறது, அதை ஏன் அப்படி எடுக்கிறான் என்று கேளுங்கள். பக்கத்தில் அவன் அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தால், ஐந்து முறை டிடிஎம் பட்டம் வென்று 49 வயதிலும் ஸ்பாவை ஜெயித்த ஒருவரைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
பந்தயம் பார்க்கும் உங்களில் ஒருவன்